ஸ்ட்ரெஸ் என்றால் மன இறுக்கமா?

'குழந்தைகளின் மன இறுக்கத்தைப் போக்க எளிய வழிகள்' என்கிற மாதிரித் தலைப்புகள் பெருகிவிட்டன. உள்ளே போனால் பரீட்சை பயம், வீட்டுப்பாடச் சுமை. அதாவது ஸ்ட்ரெஸ். அதற்கு இந்தச் சொல் ஆகவே ஆகாது.

லத்தீனில் 'ஸ்ட்ரிங்கெரே' என்றால் இறுக்கிக் கட்டுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'ஸ்ட்ரெஸ்' ஆனது. 1936இல் எலிகளிடம் தான் கண்ட உடல்மாற்றங்களுக்கு மருத்துவ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் செலியே பின்னாளில் இந்தப் பெயரை வைக்க, மருத்துவத்திலும் நிலைத்துவிட்டது. வேர் அவ்வளவுதான்.

அந்த வேரைப் பிடித்துக்கொண்டு 'இறுக்கம்' என்றவர்கள், ஆட்டிசத்தை மதியிறுக்கம், மன இறுக்கம் என்று ஏற்கெனவே எழுதிவருவதைப் பார்க்கவில்லை. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைக்காக 'மன இறுக்கம்' என்று இணையத்தில் தேடும் தாய், ஆட்டிச அறிகுறிகளைப் படித்து மிரண்டுபோகிறார். இதைவிடக் கொடுமை, ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோர் 'மூச்சுப் பயிற்சியில் மன இறுக்கம் தீரும்' என்பதை நம்புவது. மூளை வளர்ச்சியிலேயே உள்ள வேறுபாட்டை மூச்சுப் பயிற்சி எப்படித் தீர்க்கும்?

டிப்ரஷனிலும் இதே கூத்து. அதன் லத்தீன் வேர் 'கீழே அழுத்துதல்'. உடனே அதற்கு 'மன அழுத்தம்' என்று போட்டுவிட்டார்கள். இயற்பியல் பாடநூலிலோ அழுத்தம் என்றால் பிரஷர், ஸ்ட்ரெஸ் என்றால் தகைவு. மனத்தகைவு என்று ஆரம்பித்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன அழுத்தம், டிப்ரஷனுக்கு மனச்சோர்வு, வெளியிலிருந்து வரும் காரணத்துக்கு நெருக்கடி. ஆட்டிசத்தை ஆட்டிசம் என்றே எழுதினாலும் குடி முழுகாது. 'மன உளைச்சல்' நல்ல தமிழ்தான். கை கால் உளைச்சல் என்று உடம்புக்கும் சொல்கிறோம். ஆனால் அதில் வேதனை மட்டுமே உண்டு. பிள்ளையைப் படிக்க உட்காரவைக்கும் அளவான அழுத்தத்துக்கு அது பொருந்தாது.

இது வெறும் சொற்சண்டை இல்லை. பரீட்சை முடிந்தால், நண்பனோடு ராசியானால் மன அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். இரண்டு வாரம் ஆகியும் பெரும்பாலான நாட்களில் சோகம் அல்லது எரிச்சல் (குழந்தைகளிடம் பல சமயம் எரிச்சல்தான் முந்தித் தெரியும்), பிடித்த விளையாட்டிலும் நாட்டமில்லை என்றால் மனச்சோர்வா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், 'லீவு விட்டா சரியாயிடும்' என்று காத்திருப்பார்கள்.

பிள்ளையிடம் இந்தச் சொற்கள் எதுவும் வேண்டாம். 'உடம்புல எங்க ஒரு மாதிரி இருக்கு?' என்று கேட்டால் வயிற்றையோ நெஞ்சையோ தொட்டுக் காட்டும். மூச்சுப் பயிற்சியில் சொல்லும் 'ஆழமாக மூச்சை இழு' என்பதும் மொழிபெயர்ப்பாளர் கைங்கரியம்தான்: பிள்ளை தோளைத் தூக்கி மளமளவென்று காற்றை இழுக்கும், தலை சுற்றும். 'வயித்துல கை வை, கை மெதுவா மேல வரட்டும்' என்று சொல்லுங்கள். நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, ஐந்து முறை. இதை அமைதியான நேரத்தில் பழக்க வேண்டும். அழுது புரளும்போது முதன்முறையாகச் சொன்னால் ஏறாது.