சுவாதீன நோட்டீஸ் வந்ததும் வீடு தேடி வருகிறவர்கள்

பேப்பரில் சுவாதீன நோட்டீஸ், அதாவது கடன் பாக்கிக்காக வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு, வந்த கொஞ்ச நாளில் உதவுவதாகச் சொல்லி ஆட்கள் வீடு தேடி வருவார்கள். நம் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று குழம்ப வேண்டாம். அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுத்து விற்க வழிசெய்வது சர்ஃபாசி சட்டம். அதன்படி வங்கி ஒரு வீட்டைச் சுவாதீனம் எடுத்தால் அதை இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில், அறிவிக்க வேண்டும். கடன்காரர் பெயர், பாக்கி, சொத்து விவரம் எல்லாம் அதிலேயே இருக்கும்.

கடன் வழக்குகள் நடத்தும் வக்கீலாக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: வீடு போவதற்கு முன்பே, உதவ வந்ததாகச் சொன்னவரிடம் பணமும் நாளும் போய்விடுகிறது. "ஸ்டே வாங்கித் தரேன், மேலே ஆள் இருக்கு" என்று ஒரு தொகை வாங்குவார்கள், அப்புறம் வாரக்கணக்கில் போன் எடுக்க மாட்டார்கள், அந்தக் குடும்பம் என்னிடம் வரும்போது கெடு முடிந்திருக்கும்.

இந்தச் சட்டத்தில் எல்லாமே நாள் கணக்கு. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். அடுத்து அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவுப்படி, பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும், கட்ட 60 நாள். பெரும்பாலானவர்கள் பயத்தில் உறையைக்கூடப் பிரிக்காமல் வீணடிப்பது இந்த 60 நாளைத்தான், எனக்கு மனசு கேட்காத இடமும் இதுதான், ஏனென்றால் உண்மையில் பேசுவதற்கு வழி இருப்பது அப்போதுதான். வேலை போனது, மருத்துவச் செலவு, கட்டிய பணம் வரவு வைக்கப்படாதது, எதுவானாலும் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். வங்கி அதை ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். தவணையை மாற்றியமைக்கக் கேட்பதும் அப்போதே.

அதற்குப் பிறகுதான் 13(4)படி சுவாதீனம். அதை எதிர்க்க 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. சிவில் கோர்ட்டில் சுலபமாகத் தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் 34ஆம் பிரிவைப் பற்றிக் கேளுங்கள், இந்த விஷயங்களில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்கிறது அது. ஏலத்தன்று காலையில் கட்டி மீட்கலாம் என்பதும் பழைய கதை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் அது உங்கள் உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது.

மிக ஆபத்தானது வேறொன்று. "வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுங்க, கடனை நான் அடைக்கிறேன், பிறகு திருப்பி எழுதித் தரேன்." 13(2) நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்த வீட்டை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் பவர் பத்திரம், தேதி போடாத கிரய ஒப்பந்தம், பிளாங்க் செக், எதிலும் கையெழுத்து வேண்டாம். வங்கியிடம் பேசிக் கடனை ஒரே தவணையில் முடித்துத் தருகிறேன் என்பவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். அதற்குச் சம்மதம் என்று வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு, நேராகக் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள்.

சரி, யாரிடம் போவது? முதலில் கிளை மேலாளர், நோட்டீஸில் கையெழுத்திட்ட அதிகாரி. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவச எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வசூல் ஏஜெண்டுகள் மிரட்டினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் புகார் 45 நாள் கெடுவை நிறுத்தாது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நல்ல வக்கீல் முதலில் கேட்பது நோட்டீஸின் தேதியை. ஜெயித்துத் தருவதாக உத்தரவாதம் கொடுக்க மாட்டார், வாங்கும் பீஸுக்கு ரசீது தருவார், சில சமயம் வங்கியின் சம்மதத்தோடு நீங்களே வீட்டை விற்பதுதான் மேல் என்றும் சொல்வார். கேட்க வலிக்கும், ஆனால் ஏலத்தில் போவதைவிடப் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும்.

பிரிக்காத உறை வீட்டில் இருந்தால் இன்றைக்கே பிரியுங்கள். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று மேலேயே எழுதி, கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நாளையே கிளம்புங்கள்.