சன்ரூஃப் ஒழுகுகிறதா? சிலிக்கான் பசையைக் கீழே வையுங்கள்

கடந்த ஐப்பசியில் ஒருநாள் காலை, காட்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை தன் காரை ஓட்டிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். இறங்கும்போதே புடவை மடி நனைந்திருந்தது. இரவு கொட்டிய மழை விடிவதற்கு முன்பே நின்றுவிட்டது. அவர் வந்த வழியெல்லாம் நல்ல வெயில். கிரீன் சர்க்கிளில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, இவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். தலைக்கு மேலிருக்கும் விளக்கின் ஓரத்திலிருந்து அரை டம்ளர் தண்ணீர் மடியில் கொட்டிவிட்டது.

"இதோடு மூன்று முறை சீலண்ட் அடித்தாயிற்று சார். மழையே இல்லாதபோது எப்படி ஒழுகும்?" என்று கேட்டார்.

மழை நின்ற பிறகு ஒழுகுகிறது என்றால், தண்ணீர் கூரைக்குள் எங்கோ தேங்கி நிற்கிறது. பிரேக் போட்டதும் முன்பக்கம் அலைந்து வழிகிறது. தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். பாலாற்றில் நிற்காத தண்ணீர் காரின் கூரையில் நிற்கிறதே என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை செலவு செய்தவருக்கு எப்படி வரும்?

10 லட்சத்துக்கும் குறைவான கார்களிலேயே இப்போது சன்ரூஃப், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, வந்துவிட்டது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதும் இல்லை. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், மழையை முழுவதுமாகத் தடுக்கும் மூடி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதித் தண்ணீரை அது வெளியே தள்ளிவிடும். மிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்கட்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே நாற்புறமும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓட்டு வீட்டில் இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் தகரம் வைத்துத் தண்ணீரை இறக்குவோமே, அதே ஏற்பாடு. வாய்க்காலின் மூலைகளில் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் கிட்டத்தட்டப் பென்சில் பருமனில் ஒரு குழாய். முன்பக்கக் குழாய்கள் இரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, முன்கதவுக் கீலின் அருகிலோ சக்கரத்துக்குப் பின்னாலோ வெளியேறும். பின்பக்கக் குழாய்கள் பின்தூண்களின் வழியாகப் போய்ப் பின்சக்கரத்தை ஒட்டியோ பம்பருக்கு உள்ளேயோ வடியும். பட்டறையில் இவற்றை ட்ரெயின் டியூப் என்போம்.

ஆக, தண்ணீர் உள்ளே வருவது கோளாறே அல்ல. வந்த தண்ணீர் போகாமல் நிற்பதுதான் கோளாறு. என்னிடம் ஒழுகிக்கொண்டு வருகிற கார்களில் பெரும்பாலானவற்றில் பீடிங் நன்றாகவே இருக்கும். குழாய் அடைத்திருக்கும், அல்லது துளையிலிருந்து கழன்றிருக்கும்.

ஆசிரியையின் காருக்கு வருகிறேன். கண்ணாடியைச் சுற்றி வெள்ளைச் சிலிக்கான் பசையை அப்பியிருந்தார்கள். திறந்து மூடுகிற கண்ணாடிக்குப் பசை அடித்தால் ஒன்று கண்ணாடி திறக்காமல் மோட்டார் திணறும், அல்லது திறக்கும்போது பசை பிய்ந்து வாய்க்காலிலேயே விழும். இங்கே இரண்டாவது நடந்திருந்தது. வலது முன்மூலையில் சுண்டுவிரல் நகம் அளவில் சிலிக்கான் துணுக்குகள் கிடந்தன. அவற்றைக் குறடால் எடுத்தால் அடியில் கறுத்து ஊறிப்போன ஒரு கட்டி. விரித்துப் பார்த்தேன், சாமந்தி இதழ்கள்.

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, பொட்டு வைத்து, கூரைக்குக் குறுக்கே மாலை போட்டு, சுற்றிலும் உதிரிப்பூ தூவியிருக்கிறார்கள். பிறகு பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கண்ணாடியைத் திறந்து ஒரு சுற்று போய் வந்திருக்கிறார்கள். பூ அத்தனையும் வாய்க்காலுக்குள் போய்விட்டது. அடுத்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. பூஜை போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் பட்டறையிலேயே போடுகிறோம். மாலையை எடுத்தபின் கூரையை ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் திறந்தால் போதும்.

பூஜைப் பூ ஒரு காரணம்தான். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவும் புங்கம்பூவும் கொட்டும் காலத்தில் மரத்தடியில்தான் எல்லோரும் காரை நிறுத்துகிறோம். இந்த ஊர் வெயிலில் நிழலை யார் விடுவார்கள்? உதிர்ந்த பூ, சாலைத் தூசியோடும் கல்குவாரிப் பக்கம் போய்வரும் வண்டியானால் கல்மாவோடும் சேர்ந்து வாய்க்காலில் படியும். காய்ந்திருக்கும்வரை அது வெறும் தூள். எங்கள் மாவட்டம் தென்மேற்குப் பருவத்திலும் நல்ல மழை பெறுவது. ஆடி, ஆவணியில் ஒரு இடிமழை அடித்தால் அந்தத் தூள் களியாகி மூலைத் துளைக்குள் இறங்கி இறுகிவிடும். குழாயின் கீழ்முனையிலோ குளவி மண்கூடு கட்டியிருக்கும். இப்படி ஒரு கூட்டை உடைத்தபோது உள்ளே பச்சைப் புழு வரிசையாக அடுக்கியிருந்தது. குஞ்சுக்குச் சேமித்து வைத்த உணவு. அந்தக் குளவிக்கு அது பாதுகாப்பான வீடு. காரின் உரிமையாளருக்குத்தான் தரைவிரிப்பெல்லாம் ஈரம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். காரைச் சமதரையில் நிறுத்திக் கண்ணாடியை முழுவதும் திறந்துகொள்ளுங்கள். முன்மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், துளை தெரியும். ஈரத்துணியால் வாய்க்காலை வழித்து எடுத்துவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டாம். வீட்டில் இன்னொருவர் வெளியே குனிந்து அந்தப் பக்கத்து முன்சக்கரத்தின் பின்னாலும் முன்கதவுக் கீலின் அருகிலும் பார்க்கட்டும். சில நொடிகளில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழுந்தால் அந்தக் குழாய் நலம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பாதி அடைப்பு. மூலையில் தண்ணீர் குளமாக நின்றால் முழு அடைப்பு, அத்தோடு நிறுத்துங்கள். மேலே தண்ணீர் மளமளவென்று இறங்கியும் கீழே ஒன்றும் வராமல் போவதுதான் மோசமான நிலை. குழாய் நடுவழியில் கழன்று காருக்குள்ளே கொட்டுகிறது. பின்மூலைத் துளைகள் பல கார்களில் கைக்கு எட்டாது. அவற்றைப் பட்டறையில்தான் பார்க்க வேண்டும்.

அடைப்பு எடுக்கும் விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சன்ரூஃப் கார்கள் வரத் தொடங்கிய காலத்தில், குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு காருக்குக் கம்ப்ரசர் காற்றை முழு அழுத்தத்தில் மேல்துளையில் விட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். அடைப்பு போய்விட்டது என்று மகிழ்ந்து அனுப்பிவிட்டேன். அடுத்த மழைக்கு அவர் திரும்பி வந்தபோது ஓட்டுநர் காலடியில் இரண்டு அங்குலம் தண்ணீர். போனது அடைப்பு இல்லை, குழாய். காற்றின் வேகத்தில் அது துளையின் மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு தூணுக்குள் தொங்கியது. கூரையின் உள்துணியை இறக்கி அதை மாட்ட ஒரு நாள் முழுவதும் ஆனது. கூலி வாங்கவில்லை. எப்படி வாங்குவது?

அதன்பிறகு காற்றைத் தொடுவதே கடைசியாகத்தான், அதுவும் மிகக் குறைந்த அழுத்தத்தில். முதலில் ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தைக் கீழ்முனையில் வைத்து உறிஞ்சுவேன். அதற்கு வராவிட்டால் புல் வெட்டும் இயந்திரத்தில் போடுகிற நைலான் நரம்பு, இரண்டு மில்லிமீட்டர் பருமனில். முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொள்ள வேண்டும்; கூராக இருந்தால் குழாயின் சுவரைக் கிழித்துவிடும். முறுக்கி முறுக்கி மெதுவாக விடவேண்டும். தடுத்தால் இழுத்து மறுபடி விடவேண்டும், குத்தக் கூடாது. சில கார்களில் கீழ்முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வாய் இருக்கும். தூசி உள்ளே ஏறாமல் இருக்க வைத்த அதுவே சேற்றைப் பிடித்துக்கொள்ளும். விரலால் நசுக்கினாலே பாதி அடைப்பு தீரும். கட்டுக்கம்பி, சைக்கிள் ஸ்போக் கம்பி இவற்றை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறாதீர்கள். தூண் உறையைத் திருப்புளியால் நெம்பவும் வேண்டாம். இப்போதைய பல கார்களில் அந்தத் தூணிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாங்களே பேட்டரியைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருந்துதான் உறையில் கை வைப்போம்.

கால்வைக்கும் இடம் ஈரமாக இருந்தாலே சன்ரூஃப்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெயில் காலத்தில், மழையே பெய்யாத நாளில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடி நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். பின்கதவின் அடியில் மட்டும் ஈரம் என்றால் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு விட்டிருக்கலாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி மாற்றிய கார்கள் என்னிடம் நிறைய வரும். அவற்றில் பசை சரியாகப் பிடிக்காத இடத்தில் கசிந்த தண்ணீர் தூண் வழியாக இறங்கி, பார்ப்பதற்குச் சன்ரூஃப் ஒழுக்கு போலவே தெரியும். அதனால் குழாய்த் தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது கீழிருந்து மேலே போவது எங்கள் வழக்கம். முன்கண்ணாடியின் அடி, பிறகு அதன் மேல்விளிம்பு, ஆண்டெனா, கடைசியில் சன்ரூஃப். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. வாட்டர் வாஷ் பீரங்கியைச் சன்ரூஃப் விளிம்பில் நேராகப் பிடித்துவிட்டு ஒழுகுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வேகத்துக்கு எந்தப் பீடிங்கும் தாங்காது.

பீடிங் நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு, மறுக்கவில்லை. கத்திரி வெயிலில் ஆண்டுக்கணக்காக வெந்த ரப்பர் இறுகி வெடிக்கும். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து விளிம்பில் வைத்துக் கண்ணாடியை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிப்போடு வரவேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அமுங்கியிருக்கிறது, அல்லது கண்ணாடி தாழ்ந்திருக்கிறது. கண்ணாடியின் உயரத்தை ஓரத் திருகுகளில் சரிசெய்யலாம். அது பழகிய கைக்கு உரிய வேலை. ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். சிலிக்கான் கிரீஸ் வேறு, சிலிக்கான் பசை வேறு. கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பேரிங் கிரீஸ் எதுவும் வேண்டாம்.

ஒழுக்கை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். தரைவிரிப்பின் மேலே கை வைத்தால் காய்ந்திருக்கும். அதன் அடியில் இருக்கும் தடித்த பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் கண்ணாடிகளில் உட்புறம் ஆவி படிவதும், ஊறிய சாக்கு போன்ற வாடையும் அதன் அடையாளம். அந்தப் பஞ்சுக்கு அடியில்தான் பல கார்களில் வயர் கட்டுகள் ஓடுகின்றன, சிலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியே அங்கேதான். சில மாதம் கழித்து ஜன்னல் தானாக இறங்கும், ஏர்பேக் விளக்கு எரியும், சாவி வேலை செய்யாது. கனெக்டரைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். அப்போது யாரும் சன்ரூஃபை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆசிரியையின் காருக்கு முன்இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைப் பஞ்சோடு தூக்கி மொட்டை மாடியில் போட்டோம். ஐப்பசி வெயிலுக்கே இரண்டு நாள் பிடித்தது; சித்திரையாக இருந்தால் ஒரு பகலில் அப்பளம் ஆகியிருக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அந்த விரிப்பை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வாடை அடித்தால் "சன்ரூஃப் கொஞ்சம் ஒழுகும், வேறொன்றும் இல்லை" என்பார்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் மண் கோடு படிந்திருந்தால், இருக்கைத் தண்டவாளத்தில் வண்டல் இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற கார். 2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் முழுகிய கார்களும், 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது இங்கேயே நனைந்தவையும் எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரவில் ஒழுக ஆரம்பித்து உடனே பட்டறைக்கு வரமுடியாவிட்டால் ஒன்று செய்யலாம். முன்பக்கம் ஒழுகினால், வாசல் சாய்தளத்தில் காரின் மூக்கு மேடேறி இருக்கும்படி நிறுத்துங்கள். தண்ணீர் பின்குழாய்களைப் பார்த்து ஓடிவிடும். பின்னால் ஒழுகினால் மாற்றி நிறுத்துங்கள். கூரை மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு அதன் இரு ஓரங்களையும் கதவுகளில் கவ்வவைத்து மூடிவிடுங்கள். உள்ளே எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் கண்ணாடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். தேங்கியிருப்பது மொத்தமும் இருக்கையில் கொட்டிவிடும்.