முள் கீழே இறங்கினால் மகிழ வேண்டாம்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றம். சித்திரை வெயில், காருக்குள் நான்கு பேர், ஏசி, முன்னால் ஊர்ந்து செல்லும் லாரி. எஞ்சின் சூடாக இதற்குமேல் காரணம் தேவையில்லை. சென்ற ஆண்டு அந்த ஏற்றத்தில் என் காரின் வெப்பநிலை முள் மெல்ல மேலேறி, திடீரென்று அடியில் போய் விழுந்தது. “ஆறிவிட்டது பாருங்கள், மாமா” என்றான் பக்கத்திலிருந்த மச்சினன். ஆறவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகிக் குறைந்துபோய், அதன் சூட்டை அளக்கும் சென்சாரின் நுனி காற்றில் நின்றிருந்தது. திரவம் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குச் சூடு உடனே தெரியும். காற்றுக்குமிழ் அரைகுறைத் தூதுவன்.

அந்த நுனிக்குள் தெர்மிஸ்டர் என்ற சிறு மணி இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்வது. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும், இதில் குறையும். குளிரில் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான்கள், சூடு கிடைத்ததும் நகரத் தொடங்குவதே காரணம். இந்த நேர்மாறான போக்கை மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே வெள்ளி சல்ஃபைடில் கவனித்திருந்தார். பல கார்களின் சென்சாரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் இருக்கும் மின்தடை, 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓமுக்கு இறங்கிவிடும்.

காரின் கணினிக்கு, அதாவது ஈசியூவுக்கு, சூடு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது வோல்ட் மட்டும். ஒரு நிலையான மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் முனையில் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கிறது. அதிகம் நின்றால் குளிர், குறைந்தால் சூடு. கம்பி அறுந்தால் முழு 5 வோல்ட்டும் நிற்கும். கணினி அதை மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். ஓசூரின் மார்கழிக் குளிருக்குக்கூட இது அநியாயம். ஆகவே எச்சரிக்கை விளக்கை ஏற்றி, பாதுகாப்புக்காக ரேடியேட்டர் விசிறியை ஓயாமல் சுழல விடும் கார்கள் பல.

இப்படி அடியோடு செத்த சென்சாரைக் கண்டுபிடிப்பது எளிது. பாதிப் பொய் சொல்வதுதான் தொல்லை. எஞ்சின் 90 டிகிரியில் இருக்க, சென்சார் 30 என்று சொன்னால், குளிர்ந்த எஞ்சினுக்குக் கொடுப்பதுபோல் கணினி பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். கரும்புகை, பெட்ரோல் வாடை, சரியும் மைலேஜ். மாறாக, விடியற்காலையில் ஆறிக்கிடக்கும் எஞ்சினைச் சூடானது என்று சொன்னால், எரிபொருள் போதாமல் கிளம்பவே அடம்பிடிக்கும். பேட்டரியின் மேல் பழி போடுவோம்.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரவு முழுக்க நின்ற காரை, எஞ்சினைக் கிளப்பாமல், கணினியின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையும், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் தெரிந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. புது சென்சார் வாங்குமுன், அதன் கம்பிகளை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத வேலை. முள்ளை மட்டும் நம்புவதும் சரியல்ல: ஓட்டுபவர் பதறாதிருக்க, பல கார்களில் கணிசமான வெப்பநிலை மாற்றத்துக்கும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

கணவாயில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, வெகுநேரம் காத்திருந்தோம். மச்சினன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான், தடுத்தேன். அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். பிறகு தருமபுரியில் மெக்கானிக் சோதித்தபோது சென்சாரில் ஒரு குறையும் இல்லை. ஹோஸ் பைப்பை இறுக்கும் கிளிப் ஒன்றுதான் தளர்ந்திருந்தது.