ஃபேன் உதவாத இடத்தில் ஒரு பெட்டி

லேப்டாப் சூடானால் உள்ளே ஃபேன் சுற்றும். 500 கிலோமீட்டர் உயரத்தில் வலம்வரும் கியூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளுக்கு அது உதவாது. தள்ளிவிடக் காற்று ஏது? சேர்ந்த வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும்.

10 செ.மீ. கனசதுரம், எடை ஒரு கிலோ சொச்சம். ஒரு முகம் நேராகச் சூரியனைப் பார்த்தால் அதன்மேல் சுமார் 13.6 வாட் விழும். பூமியில் பட்டுத் திரும்பும் வெயிலும், பூமியே உமிழும் அகச்சிவப்பும் கூடுதல் வரவு. சுமார் 95 நிமிடச் சுற்றில் 35 நிமிடம் வரை பூமியின் நிழல். அந்த நேரத்தில் பெட்டி 10 வாட் வீதம் இழந்தால் 21,000 ஜூல் போய்விடும். இவ்வளவு சிறிய அலுமினியப் பெட்டியை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 1,200 ஜூல் போதும் என்பதால், ஒரே நிழலில் 17 டிகிரி இறங்கிவிடும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரியை சார்ஜ் செய்வது அதைக் கெடுக்கும். கவலை அங்கேதான்.

மெருகேற்றிய அலுமினியம் வெயிலில் குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் தோன்றும். நேர்மாறு! அது வெயிலைக் கொஞ்சமாக வாங்கினாலும், வாங்கியதை வெளியே விடுவதில் அதைவிடக் கஞ்சத்தனம் காட்டும், எனவே சூடேறும். வெள்ளைப் பூச்சோ கொஞ்சம் வாங்கி, நிறைய விடும்.

வெப்பநிலையை முன்கூட்டியே கணிக்க, கணினி மாதிரியில் செயற்கைக்கோளைப் பல கணுக்களாக, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வெப்பம் போகும் என்று எழுதுவார்கள். கதிர்வீச்சுக் கணக்கு ஓரளவு நம்பகமானது. வம்பு செய்வது திருகாணி இறுக்கிய இணைப்புகள். கண்ணுக்கு ஒட்டியிருப்பதாகத் தெரியும் இரு உலோகப் பரப்புகளும் உண்மையில் சில முனைகளில்தான் தொடுகின்றன. தரையில் இடைவெளியிலுள்ள காற்று வெப்பத்தைக் கடத்தி உதவும். வெற்றிடத்தில் அந்த உதவி போய்விடும். திருகை எவ்வளவு முறுக்கினோம் என்பதே சர்க்யூட் போர்டின் வெப்பநிலையை மாற்றும்.

அதனால்தான் வெற்றிட அறை. காற்றழுத்தத்தை வளிமண்டலத்தின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கி, உள்சுவர்களில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஓடவிட்டு, வெயிலுக்குப் பதிலாக ஹீட்டர்களையோ விளக்குகளையோ போடுவார்கள். வெப்பநிலை ஏறாமல் இறங்காமல் நிற்கும்வரை, சில சமயம் மணிக்கணக்கில், காத்திருந்து அளவெடுப்பார்கள்.

இங்கே சின்னப் பெட்டிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வெப்பநிலையை அளக்கப் பொருத்தும் தெர்மோகப்பிள் கம்பிகளும் மின்கேபிளும் வெப்பத்தைக் கடத்தும். டன் கணக்கில் எடையுள்ள செயற்கைக்கோளில் அது பொருட்டல்ல. மொத்தமே 2 வாட் செலவழிக்கும் கியூப்சாட்டில் சோதனையையே புரட்டிவிடும். ஆகவே மெல்லிய கம்பி போட்டு, அவற்றையும் மாதிரியில் கணுக்களாகச் சேர்க்க வேண்டும்.

மாதிரியின் கணிப்பு அளவீட்டோடு சில டிகிரிக்குள் ஒத்துப்போகும்வரை இணைப்புகளின் எண்களைத் திருத்துவார்கள். ஆனால் எல்லாக் கணுவும் பொருந்தியே தீர வேண்டும் என்று எண்களை வளைப்பது வீண்வேலை என்பேன்; பேட்டரிக் கணு சரியாக வந்தால், ஆன்டெனா முனை ஐந்து டிகிரி தள்ளி நின்றாலும் பெட்டி பறக்கும்.