பீம் சுவரில் குந்தியிருக்கிறதா, தூணைக் கவ்வியிருக்கிறதா?

எங்கள் தோட்டக் கிணற்றுத் துலாவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். துலாவைத் தாங்கும் ஆடுகாலில் குறுக்கே அச்சுலக்கையைக் கோத்து அதில் துலாவை ஏற்றியிருப்பார்கள். ஏறும், இறங்கும், ஆனால் அந்த இடத்தை விட்டு நகராது. கட்டடம் சுமையைத் தாங்குமா என்று கணக்கிடும் கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் 'பிணையல்' என்று தெரிவு செய்கிறோமே, அது இதுதான். அதே துலாவை ஆடுகாலோடு சேர்த்துக் கொங்கிறீற் போட்டு இறுக்கிவிட்டால் அது சுழலவும் மாட்டாது, அப்போது அது நிலைத்த தாங்கி. எது நகரலாம், எது சுழலலாம் என்று இப்படிக் கணினிக்குச் சொல்வதைத்தான் எல்லை நிபந்தனை என்கிறோம்.

அண்மையில் தம்பி ஒருவர் தான் அந்த மென்பொருளில் செய்த வீட்டு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். சீமெந்துக் கல் சுவர் இரண்டின் மேல் 4 மீற்றர் பீம், மீற்றருக்கு 15 கிலோநியூற்றன் சுமை, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தொன். முதலில் ஒரு தாங்கியைப் போட மறந்ததால் மென்பொருள் பிழை காட்டியிருக்கிறது, உடனே இரண்டு அந்தத்தையும் முழுதாக இறுக்கிவிட்டார், பிழை போய்விட்டது. இங்கேதான் கவனம் வேண்டும்: பிடி குறைந்தால் மென்பொருள் சத்தம் போடும், கூடினால் ஒன்றுமே சொல்லாமல் விடை தந்துவிடும்.

இறுக்கிய கணக்கில் பீமின் நடுவில் வளைக்கும் திருப்பம் 10 கிலோநியூற்றன் மீற்றர், அந்தங்களில் 20. ஆனால் கல்லுச் சுவரில் பீம் சும்மா குந்தியிருக்கிறது, அந்தம் திரும்புவதைச் சுவரால் தடுக்க முடியாது, ஆகவே உண்மையில் நடுவில் வருவது 30. மூன்று மடங்கு! 10க்குக் கணக்கிட்ட கம்பியைப் போட்டால் நடுவில் அடிப்பக்கம் வெடிக்கும், அந்தங்களில் மேலே போட்ட கம்பி சும்மா கிடக்கும். மறுதாக்கங்களை, அதாவது சுவர்கள் பீமை மேல்நோக்கித் தாங்கும் விசைகளை, கூட்டிச் சரிபார்த்தேனே என்றார் தம்பி. நல்ல பழக்கம்தான், ஆனால் இரண்டு கணக்கிலும் பக்கத்துக்கு 30 கிலோநியூற்றன்தான் வரும், பிழை பிடிபடாது.

பிடிபடுவது வளைந்த வடிவத்தில். அதைப் பெரிதாக்கி அந்தங்களை மட்டும் பாருங்கள்: கோடு சுவருக்குள் மட்டமாக நுழைந்தால் இறுக்கியிருக்கிறீர்கள், சரிந்து நுழைந்தால் குந்தவிட்டிருக்கிறீர்கள். பீமும் தூணும் ஒன்றாக வார்க்கப்பட்டிருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை, அதற்குத் தூணையும் மாதிரிக்குள் வரைந்துவிடுவதே நல்லது.

வெயிலையும் மறக்கக்கூடாது. 20 மீற்றர் இரும்புக் கூரைச் சட்டம் 30 பாகை சூடேறினால் 7 மில்லிமீற்றர் நீளும், ஒரு அந்தம் நகர வழி வேண்டும். சுழலவும் நீளப்பாட்டுக்கு நகரவும் விடும் அந்தத் தாங்கிதான் 'உருளை'. இரண்டையும் அசையாமல் பூட்டினால் சதுர மில்லிமீற்றருக்கு 70 நியூற்றனுக்கு மேல் வீண் அழுத்தம்.

சரி, தம்பி பீமின் ஒரு அந்தத்தைப் பிணையலாகவும் மற்றதை உருளையாகவும் மாற்றித் திரும்ப ஓடவிட்டார். நடுத்தாழ்வு, அதாவது பீமின் நடு கீழிறங்கும் அளவு, ஐந்து மடங்கானது. பீமின் ஆழத்தையும் அடிக்கம்பியையும் அன்றைக்கே மாற்றினோம், வேலைத்தளத்தில் பலகை அடிக்க இன்னும் நாலு நாள் இருந்தது.