கிளாக் ஸ்பீடு: 'கடிகார வேகம்' அல்ல, துடிப்பு வீதம்

கணினிக்குப் புதிய செயலி (ப்ராசசர்) ஒன்று வெளிவந்தால் போதும், "இதன் கடிகார வேகம் 6 கிகாஹெர்ட்ஸ்" என்று தமிழில் ஒரு வரி வந்துவிடுகிறது. கடிகாரம் வேகமாக ஓடினால் நேரம் தப்பாகக் காட்டாதா என்று ஒரு மாணவர் கேட்டால், இந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

கிளாக் என்ற சொல் மணியைக் குறித்த 'கிளாக்கா' என்ற இடைக்கால லத்தீன் சொல்லின் வழி வந்தது. நமக்கும் மணி என்றால் அடிப்பதும் அதுதான், நேரமும் அதுதான்; ஈழத்தில் மணிக்கூடு என்றே சொல்கிறார்கள். மின்சுற்றில் இருக்கும் கிளாக் நேரம் காட்டுவதில்லை. எல்லாப் பகுதிகளும் ஒரே தாளத்தில் வேலை செய்ய, சீரான இடைவெளியில் மின்துடிப்பு அனுப்புவதே அதன் பணி. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி கணினியில் 14.318 மெகாஹெர்ட்ஸ் (ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் முறை) படிகத்தின் அதிர்வை மூன்றால் வகுத்து 4.77 மெகாஹெர்ட்ஸ் பெற்றார்கள். இன்றோ 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைச் செயலி தனக்குள் 45 மடங்காக்கி 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது.

'கடிகாரம்' பாதிப் பிழை. 'வேகம்' அதைவிடப் பெரிய பிழை. நாடி நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறது என்கிறோம். துடிப்பு 100 ஆனால் ஆள் வேகமாக நடக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. செயலியின் வேகம், நொடிக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எத்தனை கட்டளை முடிகிறது என்ற இரண்டின் பெருக்கல். முதல் எண்ணுக்கே வேகம் என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டாவதற்கு இடமே இல்லை.

செயலி நிறுவனங்களான இன்டெல், ஏஎம்டி இரண்டின் போட்டியில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தின் மேல்தான் நடந்தது. 2000 மார்ச் 6 அன்று ஏஎம்டியின் அத்லான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெலின் பென்டியம் 3-உம் தொட்டது. அந்த ஆண்டு நவம்பரில் 1.5 கிகாஹெர்ட்ஸில் பென்டியம் 4 வந்தது. துடிப்பைக் கூட்டுவதற்காகக் கட்டளையின் பாதையைச் சிறு சிறு படிகளாக நறுக்கியிருந்தார்கள்: 20 படி. 2004-இல் வந்த பிரெஸ்காட் என்ற பென்டியம் 4-இல் 31. நிரல் எந்தக் கிளையில் திரும்பும் என்ற ஊகம் தவறினால், பாதி வழியில் நிற்கும் கட்டளைகளைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். படி கூடக் கூட இழப்பும் கூடும். ஏஎம்டி 2001 அக்டோபரில் 1.53 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 'அத்லான் எக்ஸ்பி 1800+' என்று, துடிப்பை விட்டுச் செயல்திறனைக் குறிக்கும் எண்ணால் பெயரிட்டது இதனால்தான். இன்டெல் 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது; 2006-இல் அதன் 2.66 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுயோ, 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ எளிதாக முந்தியது. இந்தக் கதையைக் 'கடிகார வேகம்' கொண்டு எழுதிப் பாருங்கள்: வேகம் குறைந்த செயலி வேகமாக ஓடியது என்று முடியும்.

அதிர்வெண் என்று எழுதலாமே என்பார்கள் சிலர். இயற்பியலில் சரியான சொல்தான், இலங்கைப் பாடநூல்களில் அதுவே மீடிறன். ஆனால் படிகம் அதிர்கிறது, செயலி அதிர்வதில்லை. 'ஓர் அதிர்வுக்கு நான்கு கட்டளை' என்பது காதில் ஒட்டவில்லை. 'ஒரு துடிப்புக்கு நான்கு கட்டளை' உடனே விளங்குகிறது. தாளத்துக்கு அடிக்கும் பறைக்கே துடி என்று பெயர் வைத்த மொழி இது. ஒரு துடிப்பை (கிளாக் சைக்கிள்) 'கடிகாரச் சுழற்சி' என்று எழுதுகிறவர்கள் வாசகர் மனதில் பன்னிரண்டு மணி நேரச் சுற்றைத்தான் ஓட விடுகிறார்கள். அதற்குக் 'கிளாக் ஸ்பீடு' என்று அப்படியே எழுதுவது எவ்வளவோ மேல். அது விளக்காவிட்டாலும் பொய் சொல்லாது.

துடிப்பு என்று தொடங்கினால் மற்றவையும் வரிசையாக வந்துவிடும்: அடித்துடிப்பு (பேஸ் கிளாக்), உச்சத் துடிப்பு (பூஸ்ட் கிளாக்), துடிப்பேற்றம் (ஓவர்கிளாக்கிங்). இன்டெல் 14900கே செயலியின் பெரிய கோர்களுக்கு (கட்டளைகளை இயக்கும் உள் அலகுகளுக்கு) அடித்துடிப்பு 3.2, உச்சம் 6 கிகாஹெர்ட்ஸ். அந்த 6 ஓரிரு கோர்களுக்குச் சிறிது நேரம் மட்டுமே கிடைப்பது. செய்தி எழுதுகிறவர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு 3.2-ஐ விட்டுவிடுகிறார்கள். துடிப்பேற்றத்தில் பெருக்கியை 45-இலிருந்து 48-க்கு உயர்த்துகிறோம். மின்னழுத்தம் போதாவிட்டால் ஒரு துடிப்புக்குள் கணக்கு முடியாமல் கணினி உறையும்; அழுத்தத்தைக் கூட்டினால் மின்செலவு அதன் வர்க்கத்தோடு ஏறி, வெப்பம் தாங்காமல் செயலியே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு 'மிகைக் கடிகாரம்' என்று பெயர் வைத்தால் ஏறியது எது, இறங்கியது எது என்று யாருக்கு விளங்கும்?