பண்ணை மகளிரா, விவசாயிகளா?

2026-ஐ ஐ.நா. பெண் விவசாயிகளுக்கான ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, 'பண்ணை மகளிர் பயிற்சி' என்று பதாகை மேல் பதாகை. உள்ளே போனால் துண்டறிக்கையில் "பண்ணை மகளிர் விவசாயிகளுக்குத் தோள் கொடுக்கின்றனர்" என்று ஒரு வரி. அப்படியானால் அந்த மகளிர் விவசாயிகள் இல்லையா? 'ஃபார்ம்' என்றால் பண்ணை, 'விமன்' என்றால் மகளிர். அகராதியை இரண்டு இடத்தில் புரட்டியதோடு மொழிபெயர்ப்பாளர் வேலை முடிந்துவிட்டது.

பண்ணை என்பதற்கு வயல் என்ற பொருளும் உண்டுதான். தொல்காப்பியமோ 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்கிறது. அந்தக் கணக்கில் பண்ணை மகளிர் விளையாடப் போனவர்கள்! காவிரிப் படுகையில் இப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அங்கே பண்ணை என்றால் மிராசுதார் நிலம். அதை வைத்திருந்தவர் பண்ணையார், அதில் கட்டுண்டு கிடந்தவர் பண்ணையாள். பண்ணையாட்களைக் காப்பாற்ற 1952-இல் தஞ்சாவூருக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒன்றரை ஏக்கரில் வீட்டுக்காரரோடு சேர்ந்து நெல் போடுகிற பெண் இதில் எந்தப் பக்கம்?

தனித்தமிழ் அன்பர்கள் 'உழத்தி' என்பார்கள். அழகான சொல். பள்ளு என்ற சிற்றிலக்கியத்துக்கே உழத்திப் பாட்டு என்று இன்னொரு பெயர் உண்டு. ஆனால் பள்ளில் உழத்தி வேலை செய்பவள். விதைக்கும் மாட்டுக்கும் கணக்குக் கேட்பவன் பண்ணைக்காரன். போதாததற்கு உழு என்ற வேர் ஏரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெண் ஏர் தொடக் கூடாது என்று பல ஊர்களில் வைத்திருந்தார்கள். நாற்றுப் பறிப்பு, நடவு, களை மூன்றும் அவள் தலையில். பெயர் மட்டும் ஏர் பிடித்தவனுக்கு.

எனக்கு 'விவசாயி'யே போதும். வடமொழிதான், இருக்கட்டும். 'வியவசாயம்' என்றால் முயற்சி, உறுதி, தீர்மானம். தீர்மானிப்பவர் விவசாயி என்று பார்த்தால் பொருத்தம் இன்னும் கூடுகிறது.

விதைநெல்லையே பாருங்கள். களத்தில் எந்த மூலைக் குவியலை விதைக்கு ஒதுக்குவது என்று பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் சொல்வாள். இளவெயிலில் காயவைத்து, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள். 'நொறுக்'கென்று உடைந்தால் மூட்டை கட்டலாம். பல்லில் நசுங்கினால் ஈரம் போகவில்லை. அப்படியே கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு விழும், முளைப்பு பாதியாகும். குறுகிய கால ரகம் என்றால் ஏக்கருக்கு 24 கிலோ வேண்டும். அவசரச் செலவுக்கு அந்த மூட்டையையும் விற்கலாமா கூடாதா என்ற பேச்சில் கடைசி வார்த்தை யாருடையது? நட்டு 15, 20 நாளில் முதல் களைக்கு எத்தனை ஆள், யாரைக் கூப்பிடுவது, இதுவும் அவள் கணக்கு. இதற்குப் பெயர் 'தோள் கொடுப்ப'தாம்.

வேளாண் கணக்கெடுப்பு பட்டாவைப் பார்ப்பதில்லை. சாகுபடியை நடத்தும் பொறுப்பு யாரிடம் என்றுதான் பார்க்கிறது. 2015-16 கணக்கில் இந்திய அளவில் இப்படி வந்த பெண்கள் சுமார் 14 சதவீதம். அந்த 'நடத்துபவர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'நில உரிமையாளர்' என்று எழுதிக் கணக்கெடுப்பவர் கையில் கொடுத்துப் பாருங்கள். கேட்பவர் "பட்டா யார் பேர்ல?" என்பார், பதிலாக ஆண் பெயர் வரும். 'சாகுபடி நடத்துபவர்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பேச்சில் 'வெள்ளாமை' இருக்கிறது, வேளாண்மையின் வாய்வழி வடிவம். வெள்ளாமைக்காரி என்றால் கிராமத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. '-காரி' அச்சில் மரியாதைக் குறைவாகத் தோன்றினால் வெள்ளாமைக்காரம்மா என்று எழுதுங்கள். கரிசல் பக்கம் விவசாயிக்குச் சம்சாரி என்று பெயர். அவர் மனைவி சம்சாரம்! சொல்லின் வால் மாறியதில் அவள் கையிலிருந்து நிலமே போய்விடுகிறது.

பதாகைக்கு 'விவசாயிகள் பயிற்சி' போதும். பெண்களுக்கு மட்டும் என்றால் 'பெண் விவசாயிகள்' என்று போடுங்கள். பண்ணையைக் கோழிக்கு விட்டுவிடலாம்.